பகவதிபுரத்தில் இனி எதைப் படம் எடுப்பது?

சாரல்காலம் (மதுரை)

2018 மார்ச் கடைசியில் செங்கோட்டை–புனலூர் அகலப் பாதையில் ரயில் மறுபடி ஓடத் தொடங்கியதிலிருந்து, கொரோனா ஆண்டு நீங்கலாக, ஒவ்வொரு ஆடி மாதமும் பகவதிபுரம் போய் வருகிறேன். இடம் தெரியாதவர்களுக்காக ஒரு வரி: செங்கோட்டையைத் தாண்டியதும், மலை ஏறத் தொடங்குமுன் வரும் சின்னஞ்சிறு நிலையம். தமிழ்நாட்டுப் பக்கம் அதுவே கடைசி. அதற்கு அடுத்த நியூ ஆரியங்காவு, மலையைக் குடைந்த ரயில் குகைக்கு அப்பால், கேரளத்தில் இருக்கிறது.

நான் நிற்கும் இடம் நடைமேடையின் மலைப்பக்க முனை. தளம் சரிந்து சரளைக்கல்லில் முடிவதற்கு நான்கடி முன்னால் நின்றால், பாதை வளைந்து தென்னைகளுக்குள் நுழைவது தெரியும். பின்னால் மலை. ஆடிச் சாரலில் அந்த மலையை முழுதாக நான் பார்த்ததே இல்லை. மேகம் இறங்கி மலையின் இடுப்பில் கோடு கிழித்ததுபோல் நிற்கும். கோட்டுக்குக் கீழே கரும்பச்சை, மேலே வெறும் வெண்மை. வளைவில் எஞ்சின் முகம் திரும்பும் அந்த நொடிக்காக மூன்று மணி நேரம் குடைபிடித்து நின்றிருக்கிறேன்.

பாதை மின்மயமானபின் போன வாரம்தான் முதன்முறையாகப் போனேன். வளைவு நெடுகக் கம்பங்கள். அவற்றில் ஒன்று, சரியாக நான் மலையை வைக்கும் இடத்தில். நூறு படம் எடுத்தேன். ஒன்றையும் வைத்துக்கொள்ள மனம் வரவில்லை. திரும்பும் வழியில் பிரானூர் பார்டரில் சாப்பிட உட்கார்ந்தும் பரோட்டா இறங்கவில்லை.

டீசல் புகை நின்றதும், பயண நேரம் குறைய வழி பிறந்திருப்பதும் நல்லதே. அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. கேட்க வந்தது இதுதான்: பகவதிபுரத்தில் இனி எதை எடுப்பது? அங்கே போய்வந்தவர்கள் சொல்லுங்கள்.

உப்பளம் (தூத்துக்குடி)

அண்ணா, கம்பத்தையும் கம்பியையும் அழித்துத்தர இப்போது கைப்பேசியிலேயே வசதி இருக்கிறது. உங்கள் படங்களில் ஒன்றை அனுப்புங்கள், பத்து நிமிடத்தில் சுத்தமாக்கித் தருகிறேன்.

சாரல்காலம்

தம்பி, அன்புக்கு நன்றி. ஆனால் வேண்டாம். நான் எடுப்பது ரயில் நிலையத்தின் படம். அங்கே இருப்பதை இல்லை என்று காட்டிவிட்டால், நாளை ஒருவர் அந்தப் படத்தை வைத்து "இந்த ஆண்டில் இங்கே மின்கம்பி இல்லை" என்று எழுதிவிடுவார். பிடிக்காவிட்டால் எடுக்காமல் இருப்பேன், பொய்யாக எடுக்க மாட்டேன்.

மின்பாதை (ஈரோடு)

முப்பத்தோரு ஆண்டு மின்பாதைப் பராமரிப்பில் வேலை பார்த்தவன். கம்பங்களை எதிரியாகப் பார்க்கிறவர்களுக்கு அவற்றைப் பற்றிச் சில சொன்னால், எங்கே நிற்பது என்று நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

ஒற்றைப் பாதையில் கம்பங்கள் பெரும்பாலும் ஒரே பக்கமாகத்தான் வரிசையாக நிற்கும். நிலையத்துக்குள் இரண்டு மூன்று தண்டவாளம் வரும்போதுதான் இரு புறமும் கம்பம், குறுக்கே உத்தரம் என்று கூட்டம் கூடுகிறது. ஆகவே நிலையத்தின் எல்லையைத் தாண்டிய வளைவைக் கம்பமில்லாத பக்கத்திலிருந்து பார்த்தால், ரயிலின் முகத்தை எதுவும் மறைக்காது. கம்பங்கள் அதற்குப் பின்னால் போய்விடும்.

அடுத்தது, நேர்ப்பாதையில் இரண்டு கம்பங்களுக்கு நடுவே 72 மீட்டர் வரை இடைவெளி விடலாம். வளைவு கூடக்கூட அது குறையும். மிகக் கடுமையான வளைவில் 27 மீட்டர் வரை நெருங்கிவிடும். உங்களுக்குப் பிடித்த வளைவில் கம்பம் காடாகத் தெரிவதற்குக் காரணம் இதுதான். கம்பி வளைந்து தொங்காது. ஒவ்வொரு கம்பத்திலும் இழுத்துக் கட்டி, சிறு சிறு நேர்கோடுகளாகத்தான் அதை வளைவோடு ஓட்ட முடியும். நேர்ப்பாதையில்கூடக் கம்பி தண்டவாளத்தின் நடுவில் நேராகப் போகாது. ஒரு கம்பத்தில் இடப்பக்கம் ஒரு சாண், அடுத்ததில் வலப்பக்கம் ஒரு சாண் என்று தையல் போட்டதுபோல் போகும். அப்படிப் போனால்தான் எஞ்சினின் தலைமேல் இருந்து கம்பியிலிருந்து மின்சாரம் எடுக்கும் பான்டோகிராப் பட்டை ஒரே இடத்தில் அறுபடாமல் சீராகத் தேயும். பாதையின் நடுக்கோட்டை ஒட்டி நீள லென்ஸில் பார்த்தால் அந்தத் தையல் அப்படியே தெரியும். அதை யாராவது அழகாக எடுத்து நான் பார்த்ததில்லை. எடுக்கலாம்.

ஆனால் அதற்காகத் தண்டவாளத்தில் இறங்காதீர்கள். லெவல் கிராசிங்கில், கேட் திறந்திருக்கும்போது சாலையோரமாக நின்று எடுத்தால் போதும். மேலே ஓடுவது 25,000 வோல்ட். அதைத் தொட்டால்தான் ஆபத்து என்று நினைக்க வேண்டாம். ஈரக் குடையும் நீட்டிய கம்பும் அருகே போனாலே போதும். சாரலில் குடையோடு நிற்கும் உங்களுக்குத்தான் இதை முதலில் சொல்கிறேன்.

ஐம்பது எம்எம் (நாகர்கோவில்)

மின்பாதை ஐயா சொன்னதோடு வெளிச்சத்தையும் சேர்த்துப் பாருங்கள். பகவதிபுரத்தின் உண்மையான சிக்கல் எப்போதுமே வெளிச்சம்தான். மலை மேற்கே இருக்கிறது. காலை வெயில் மலைமேல் நேராக விழும்; பிற்பகலில் சூரியன் மலைக்குப் பின்னால் போய் எல்லாம் எதிர்வெளிச்சமாகிவிடும். ஆனால் ரயில்களோ ஏறுமாறாக வருகின்றன. பாலருவி எக்ஸ்பிரஸ் இரு திசையிலும் நடுராத்திரியில் கடந்துவிடுகிறது. சென்னையிலிருந்து கொல்லம் போவது விடியுமுன் போய்விடும். கொல்லத்திலிருந்து சென்னை போவது பிற்பகலில் இறங்கும். மதுரை–குருவாயூர் வண்டியும் பகலில் கிடைக்கும். (அட்டவணை அடிக்கடி மாறுகிறது, பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.) ஆக, வெளிச்சம் நன்றாக இருக்கும் காலையில் ரயில் அரிது, ரயில் வரும் பிற்பகலில் வெளிச்சம் எதிரே.

அதனால்தான் சாரல் மாதங்கள் நமக்கு வரப்பிரசாதம். ஆனியிலிருந்து ஆவணி வரை ஆரியங்காவுக் கணவாய் வழியாக மேகம் வந்துகொண்டே இருக்கும். வானம் முழுக்க ஒரே வெளிச்சம், நிழலே விழாது. பிற்பகல் மூன்று மணிக்கும் முகத்தில் வெளிச்சம் இருக்கும். ஷட்டர் 1/500 நொடி வேண்டுமென்றால் ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளி உணர்திறனை) 800க்குக் கூட்டவேண்டியிருக்கும், தயங்க வேண்டாம். ஈர இலையின் பளபளப்பை அடக்க ஒரு போலரைசர். காரில் ஏசி போட்டுக்கொண்டு போய்ச் சட்டென்று இறங்கினால் லென்ஸ் முழுக்க ஆவி படிந்துவிடும். கால்மணி முன்னதாகவே ஏசியை நிறுத்திவிடுங்கள்.

வயல் எப்போது பச்சை என்பதையும் கணக்கில் வையுங்கள். கார்ப் பருவ நெல் ஆடி ஆவணியில் பச்சையாக நிற்கும். அடுத்த பருவமான பிசானம் மார்கழி, தையில். மார்கழிக் காலையில் வானம் கழுவிவிட்டதுபோல் இருக்கும், மலை முழு உருவத்தில் தெரியும். சாரல்காலம் முழு மலையைப் பார்த்ததில்லை என்கிறாரே, அவர் ஒருமுறை மார்கழியில் வரவேண்டும்.

உப்பளம்

இதே பாதையில் கேரளப் பக்கம் இருக்கும் பதின்மூன்று கண் பாலத்தை ஏன் யாரும் சொல்லவில்லை? பகவதிபுரத்தை விட்டுவிட்டுக் கழுதுருட்டி போனால் சாலையோரமாக நின்றே எடுக்கலாமே.

ஐம்பது எம்எம்

எடுக்கலாம். எல்லாரும் எடுக்கிறார்கள். அங்கே யார் நின்றாலும் ஒரே படம்தான் வருகிறது. அது வேறு, இது வேறு தம்பி.

பழைய நெகட்டிவ் (திருநெல்வேலி)

மூன்று நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். எழுதலாமா வேண்டாமா என்றிருந்தது.

சாரல்காலம், உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது, ஏனென்றால் இதை நான் ஒருமுறை பட்டுவிட்டேன். 2010 செப்டம்பரில் இந்தப் பாதையில் மீட்டர் கேஜ், அதாவது பழைய குறுகிய பாதை வண்டி, நின்றது. 1904இல் கொல்லம் வரை திறந்த பாதை. திருவிதாங்கூர் அரசும் சென்னை மாகாண அரசும் தென்னிந்திய ரயில்வே கம்பெனியும் சேர்ந்து போட்டது. செங்கோட்டையே அன்று திருவிதாங்கூரில் இருந்தது, 1956 நவம்பர் 1இல்தான் நம் பக்கம் வந்தது. நூறு வருடம் ஓடிய பாதை. அது நிற்கப்போகிறது என்று தெரிந்ததும் எங்கள் கூட்டத்தார் ஐந்தாறு பேர் வாராவாரம் போனோம். எல்லாரும் பிலிம் கேமரா. ஒரு சுருளில் 36 படம், ஒருநாளைக்கு ஒரு சுருள் என்று கணக்கு.

அந்தக் கடைசி வாரங்களில் மட்டும் நான் எடுத்தது ஏழு சுருள். இருநூற்றைம்பது படங்கள். போன ஆண்டு என் மகள் அவற்றையெல்லாம் ஸ்கேன் செய்துகொடுத்தாள். பெரிய திரையில் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒய்டிஎம்-4 என்ற மீட்டர் கேஜ் டீசல் எஞ்சின் வருகிறது. ஒய்டிஎம்-4 எஞ்சின் போகிறது. வளைவில், குகை வாயில், பாலத்தில். எல்லாம் கூர்மை. எல்லாம் எஞ்சின். நிலைய அதிகாரியின் அறைக்குள் இருந்த, ஒற்றைப் பாதையில் ஒரு நேரத்தில் ஒரு வண்டிக்கு மட்டும் வழிவிடும் டோக்கன் கருவி ஒரு படத்திலும் இல்லை. அந்தச் சிவப்புப் பெட்டியின் முன் நின்று எத்தனை முறை பேசியிருக்கிறேன்! உருண்டை டோக்கனைத் தோல்பையில் போட்டு, பிரம்பு வளையத்தோடு பாயிண்ட்ஸ்மேன் என்ற நிலைய ஊழியர் தூக்கிப்பிடிப்பார். ஓடுகிற எஞ்சினிலிருந்து உதவி ஓட்டுநர் கையை நுழைத்து வாங்கிக்கொள்வார். அது ஒரே ஒரு படத்தில் இருக்கிறது. அதிலும் கை மட்டும். நான் எஞ்சின் எண்ணைச் சட்டத்துக்குள் கொண்டுவருவதிலேயே குறியாக இருந்திருக்கிறேன்.

டிக்கெட் கொடுக்கும் ஓட்டை இல்லை. தண்ணீர்த் தொட்டி இல்லை. காத்திருந்தவர்கள் இல்லை. சட்டத்துக்குள் ஆள் வந்துவிட்டால் எரிச்சலோடு "தள்ளி நில்லுங்கள்" என்று நானே சொல்லியிருக்கிறேன், அது இன்றும் என் காதில் கேட்கிறது.

ஒய்டிஎம்-4 எஞ்சின் படம் ஆயிரக்கணக்கில் உலகெங்கும் இருக்கிறது. பகவதிபுரத்தின் டிக்கெட் ஓட்டையை எடுத்தவர் எனக்குத் தெரிந்து யாரும் இல்லை. எதை எடுப்பது என்று கேட்டீர்களே, நிலையத்தை எடுங்கள்.

வரப்போரம் (கட்டளைகுடியிருப்பு)

இங்கே எழுதுவது இதுவே முதல்முறை. எங்கள் வயல் அந்தப் பாதையை ஒட்டியது. உங்கள் படங்களில் பச்சையாகத் தெரிவதில் ஒரு துண்டு எங்களுடையது.

முதலில் ஒரு குறையைச் சொல்லிவிடுகிறேன். போன பிசானத்தில் ஒரு கூட்டம் கேமராவோடு வந்தது. எந்த ஊர், யார் என்று சொல்ல விரும்பவில்லை. ரயில் வரும் நேரத்துக்கு ஓடி வந்து, நாற்றங்காலுக்குள் ஏறி நின்றுவிட்டார்கள். எட்டு நாள் நாற்று. செருப்புக் காலோடு பத்துப் பேர். "இரண்டே நிமிடம் அக்கா" என்றார்கள். இரண்டு நிமிடத்தில் ஒரு மரக்கால் விதை போய்விட்டது. கேட்டிருந்தால் எந்த வரப்பில் நின்றால் ரயில் நன்றாகத் தெரியும் என்று நானே காட்டியிருப்பேன். சிறு வயதிலிருந்து பார்க்கிறவள் நான்.

இரண்டாவது, யானை. புளியரை, மேக்கரை, வடகரைப் பக்கம் தோப்புகளில் இறங்கும் என்பதைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். இருட்டுவதற்கு முன் கிளம்பிவிடுங்கள், விடியுமுன் தனியாக வராதீர்கள். படம் எடுக்கிறவர்கள் பொழுது விடியும் முன்னால் வரத்தான் ஆசைப்படுவார்கள், அதனால் சொல்கிறேன்.

மூன்றாவது, பழைய நெகட்டிவ் ஐயாவிடம் ஒரு கேள்வி. மீட்டர் கேஜ் காலத்தில் நிலையத்தில் ஒரு கல் பெஞ்சு இருந்தது. என் அம்மா அதன் ஓரத்தில் கூடை வைத்து உட்கார்ந்திருப்பார். நாவல்பழம், கொய்யா, பருவத்துக்கு எது கிடைக்கிறதோ அது. கொல்லம் வண்டி வந்தால் எழுந்து ஜன்னல் ஜன்னலாகப் போவார். பாதை மாற்றத்தின்போது பெஞ்சும் போய்விட்டது. அம்மா இறந்து ஆறு வருடம். அம்மா கல்யாணங்களில் நிற்கும் படங்கள் இருக்கின்றன, ஆதார் அட்டையில் ஒன்று இருக்கிறது. நிலையத்தில் உட்கார்ந்திருந்த படம் எங்களிடம் இல்லை. உங்கள் ஏழு சுருளில் அந்தப் பெஞ்சு எங்காவது வருகிறதா?

பழைய நெகட்டிவ்

அம்மா, இன்றிரவு பார்க்கிறேன். ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன்.

கடைசிப் பெட்டி (செங்கோட்டை)

நான் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவன். மீட்டர் கேஜிலும் ஓடினேன், அகலப் பாதை திறந்தபின் சில காலமும் ஓடினேன். பகவதிபுரத்தை நான் எப்போதும் கடைசிப் பெட்டியிலிருந்துதான் பார்த்திருக்கிறேன், ஆகவே என் பகவதிபுரம் உங்கள் பகவதிபுரத்துக்கு நேர் எதிர்.

எஞ்சினுக்காகக் காத்திருக்கிறவர்கள் ரயிலின் பின்பக்கத்தை விட்டுவிடுகிறீர்கள். செங்கோட்டைக்கும் புனலூருக்கும் நடுவே பின்னாலும் ஓர் எஞ்சின் சேர்ப்பது இந்தப் பாதையின் வழக்கம். பேங்கர் என்போம். ஏறும்போது தள்ள, இறங்கும்போது பிடித்துக்கொள்ள. முன்னால் இருப்பவரும் பின்னால் இருப்பவரும் ஒருவரையொருவர் பார்க்க முடியாது, நடுவே குகையும் வளைவும். ஹாரன் அடித்தும் வாக்கி டாக்கியில் பேசியும் இருவரும் ஒத்துப்போக வேண்டும். ஒருவர் இழுத்து மற்றவர் சும்மா இருந்தால் பெட்டிகளில் குலுங்கல் வரும். உள்ளே தேநீர் குடிக்கிறவருக்கு உடனே தெரிந்துவிடும். ஏற்றத்தின் காரணமாகவே இந்தப் பாதையில் நெடுநாள் 14 பெட்டிக்கு மேல் விடவில்லை.

இறங்கி வரும் வண்டியைப் பகவதிபுரத்தில் பாருங்கள். குகையிலிருந்து பிரேக் பிடித்தபடியே வந்திருக்கும். நான் ஓடிய பழைய பெட்டிகளில் பிரேக் கட்டை சக்கரத்தை நேராகவே கவ்வும். நிலையத்துக்கு வரும்போது காய்ந்த இரும்பு வாசனை நடைமேடை முழுக்க அடிக்கும். அந்தச் சூட்டின்மேல் சாரல் விழுந்தால், சக்கரத்தைச் சுற்றி மெல்லிய ஆவி எழும். அரை நிமிடம்தான், காற்று அடித்துக்கொண்டு போய்விடும். குனிந்து நின்று சக்கரத்தை மட்டும் பார்க்கிறவருக்குத்தான் அது தெரியும்.

இன்னொன்று. நிற்காமல் கடக்கும் வண்டிக்கு நிலையத்து ஆள் பச்சைக்கொடி காட்டுவார், பதிலுக்கு நாங்களும் காட்டுவோம். வண்டியில் எதுவும் தொங்கவில்லை, எரியவில்லை, எல்லாம் சரி என்பதற்கு அது அடையாளம். சாரல் நாளில் துணி ஈரத்தில் கழியோடு ஒட்டிக்கொள்ளும். பகவதிபுரத்தில் அப்போது இருந்த பாயிண்ட்ஸ்மேன், வண்டி வளைவில் தெரிந்ததும் கொடியைத் தொடையில் இரண்டு தட்டுத் தட்டி, நீரை உதறி, பிரித்துப் பிடிப்பார். ஒருமுறைகூட ஒட்டிய கொடியைக் காட்டியதில்லை. இருபது ஆண்டு பார்த்தேன். அதைப் படம் எடுக்க ஒருவரும் வரவில்லை, எல்லாரும் நடைமேடையின் அந்தக் கோடியில் நின்றீர்கள்.

சாரல்காலம்

ஐயா, அந்தக் கோடியில் நின்றவர்களில் நானும் ஒருவன். அந்தத் தட்டு எனக்குத் தெரியாமலே என் முதுகுக்குப் பின்னால் நடந்திருக்கிறது.

வரப்போரம் அக்கா, நாற்றங்காலில் ஏறியவர்கள் யாராக இருந்தாலும் சரி, படம் எடுக்கிறவன் என்ற முறையில் நான் வருந்துகிறேன்.

ஐம்பது எம்எம்

பழைய நெகட்டிவ் ஐயா சொன்னதை மதிக்கிறேன், ஆனால் முழுதாக ஒப்ப முடியவில்லை. டிக்கெட் ஓட்டையும் தண்ணீர்த் தொட்டியும் ஆவணம். யாராவது ஒருவர் ஒருநாள் போய் முறையாக எடுத்துவைத்துவிட்டால் போதும். மழையில், மூன்று மணி நேரம் காத்து, ஒரே நொடியில் மேகமும் மலையும் எஞ்சினும் சேர்ந்துவரும் படம் ஆவணம் இல்லை. அதற்காகத்தான் நாங்கள் போகிறோம். அதில் பயனில்லை என்று சொன்னால் எனக்கு வலிக்கிறது.

பழைய நெகட்டிவ்

பயனில்லை என்று சொல்லவில்லை தம்பி. என்னிடம் அப்படி ஒரு படம் இருக்கிறது, குகையிலிருந்து வெளியே வரும் வண்டி, சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறேன். அதை எடுத்த நாளில் இன்னும் 35 படம் கையில் இருந்ததே, அவற்றையும் அதே போலவே செலவழித்தேனே என்றுதான் சொல்கிறேன். உங்களிடம் இப்போது அந்தக் கணக்கும் கிடையாது. ஆயிரம் எடுக்கலாம்.

"யாராவது ஒருவர் ஒருநாள்" என்றுதான் நாங்களும் 2010இல் நினைத்தோம். ஆறு பேரும் மற்ற ஐவரில் ஒருவர் எடுத்திருப்பார் என்று நினைத்தோம்.

ஐம்பது எம்எம்

சரி ஐயா. இதற்கு என்னிடம் பதில் இல்லை.

மின்பாதை

விவாதம் சூடாக இருக்கும்போது குறுக்கிடுகிறேன், மன்னிக்கவும். நிலையத்தை எடுக்கப் போகிறவர்கள் முதலில் டிக்கெட் எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த நிலையத்துக்குச் சாதாரண டிக்கெட் எடுத்தால்கூடப் போதும். பணியில் இருப்பவரிடம் போய் இன்னார், இன்னதற்காக வந்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். அறைக்குள் இருக்கும் கருவிகளை அவர் அனுமதி இல்லாமல் எடுக்காதீர்கள். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான், அவர் வேலை முக்கியம். தண்டவாளத்தில் இறங்கினால் ரயில்வே சட்டம் 147ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ட்ரோன் பற்றிப் பேசவே வேண்டாம், 25,000 வோல்ட் கம்பியில் அது விழுந்தால் அந்தப் பாதையே நிற்கும்.

மின்சார எஞ்சின் டீசலைப்போல் தூரத்திலிருந்தே உறுமிக்கொண்டு வராது. வந்து நிற்கும்போதுதான் தெரியும். பழைய பழக்கத்தில் காதை நம்பி நிற்காதீர்கள்.

உப்பளம்

நேற்று மாலை எங்கள் ஊர்ப் பக்கத்து நிலையம் ஒன்றுக்குப் போய், ரயிலை எடுக்காமல் நிலையத்தை மட்டும் எடுத்துப் பார்த்தேன். முதல் அரைமணி எதை எடுப்பதென்றே தெரியவில்லை. பிறகு டிக்கெட் கவுன்டரின் கீழே மரப்பலகையில் ஒரு குழி கண்ணில் பட்டது. சில்லறை தள்ளித் தள்ளித் தேய்ந்த குழி. விரலை வைத்தேன், சரியாகப் பொருந்தியது. எத்தனை வருடத்துக் கைகள்! அதைப் பதினான்கு படம் எடுத்திருக்கிறேன்.

பழைய நெகட்டிவ்

வரப்போரம் அம்மாவுக்கு.

நேற்று இரவும் இன்று காலையும் ஏழு சுருளையும் பார்த்து முடித்தேன். கல் பெஞ்சு மூன்று படங்களில் வருகிறது. இரண்டில் கால் மட்டும், எஞ்சினுக்குப் பின்னால். மூன்றாவது, ஐந்தாம் சுருளின் 22ஆவது படம். வண்டி நின்றிருக்கிறது. நான் எஞ்சினை இடது பக்கமாக வைத்திருக்கிறேன். வலது ஓரத்தில் பெஞ்சின் பாதி தெரிகிறது. அதன்மேல் ஓலைக்கூடை ஒன்று, ஈரத்துணி மூடியிருக்கிறது. கூடையின் விளிம்பில் ஒரு கை. கையில் இரண்டு பச்சைக் கண்ணாடி வளையல், மணிக்கட்டுக்கு மேலே பச்சை குத்திய அடையாளம், கோலம்போல் நான்கு புள்ளிகள் தெரிகின்றன. அதோடு படம் முடிகிறது. இன்னும் இரண்டு விரற்கடை வலப்பக்கம் திருப்பியிருந்தால் முகம் வந்திருக்கும்.

பெரிதாக்கி இணைத்திருக்கிறேன். உங்கள் அம்மாதானா என்று எனக்குத் தெரியாது. அப்படியில்லை என்றாலும் சொல்லுங்கள்.

வரப்போரம்

அம்மாவின் கைதான். பச்சை குத்தியது ஐந்து புள்ளி. ஐந்தாவது வளையலுக்கு அடியில் இருக்கும்.

அண்ணனுக்குக் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லாமல் வயலுக்குப் போய்விட்டார். கூடையின் துணி அவருடைய பழைய பள்ளிக்கூடச் சட்டை, காக்கி. அது எனக்கு மறந்தே போயிருந்தது.

ஐயா, இதை அச்சுப் போட்டுத் தருவீர்களா? செலவை நான் கொடுத்துவிடுகிறேன்.

பழைய நெகட்டிவ்

செலவு பற்றிப் பேசாதீர்கள். நெகட்டிவிலிருந்தே போடச் சொல்கிறேன், ஸ்கேனிலிருந்து வேண்டாம். நானே கொண்டுவந்து தருகிறேன்.

கடைசிப் பெட்டி

அந்தக் கூடையில் நானும் கொய்யா வாங்கியிருக்கிறேன். மிளகாய்ப்பொடி தனியாக ஒரு தாளில் மடித்துத் தருவார். வண்டி நகர்ந்தபின் காசு கொடுக்க மறந்தது நினைவுக்கு வந்தால், மறுநாள் வாங்கிக்கொள்வார், கேட்கவே மாட்டார்.

சாரல்காலம்

வருகிற சனிக்கிழமை போகிறேன். வளைவுக்கும் போவேன், மின்பாதை ஐயா சொன்னபடி கம்பமில்லாத பக்கம் எது என்று பார்த்துக்கொண்டு. வரப்போரம் அக்கா அனுமதித்தால் அவர் காட்டும் வரப்பில் நிற்பேன். ஆனால் முதல் இரண்டு மணி நேரம் நிலையத்துக்கு. பெயர்ப்பலகை, கவுன்டர், குழாய், காத்திருக்கும் இடம், கொடி வைக்கும் மூலை, புதிய கம்பங்களின் மேல் எழுதியிருக்கும் எண்கள்கூட. பட்டியல் போட்டுவிட்டேன். பணியில் இருப்பவர் சம்மதித்தால் அவரையும்.

யாராவது சேர்ந்துகொள்கிறீர்களா?

ஐம்பது எம்எம்

நான் வருகிறேன். நாகர்கோவிலிலிருந்து முதல் நாள் இரவே கிளம்பிவிடுவேன். எதிர்வெளிச்சத்தில் சக்கரத்து ஆவி நன்றாக எழுந்து தெரியும், அதை நான் எடுத்துக்கொள்கிறேன்.

உப்பளம்

நானும். கவுன்டர் எனக்கு.

வரப்போரம்

வாருங்கள். கார் நடவு முடிந்து பயிர் பிடித்துவிட்டது, வரப்பில் தாராளமாக நிற்கலாம். ஒற்றை வரிசையாக வாருங்கள், வரப்பு அகலம் குறைவு. மதியம் எல்லாருக்கும் இங்கேதான் சாப்பாடு. எத்தனை பேர் என்று வெள்ளிக்கிழமைக்குள் சொல்லிவிட்டால் போதும்.

பழைய நெகட்டிவ்

என்னையும் சேர்த்து நான்கு பேர். நான் பிலிம் கேமராவோடுதான் வருவேன், ஒரே ஒரு சுருள்.

கடைசிப் பெட்டி

ஐந்து. காலை ஆறரைக்குச் செங்கோட்டை நிலைய வாசலில் நிற்கிறேன். அங்கிருந்து ஆட்டோவுக்கு நான் சொல்லிவைக்கிறேன். இப்போது பகவதிபுரத்தில் கொடி பிடிப்பவர் யார் என்றும் விசாரித்துவைக்கிறேன்.